பதினேழு ஒன்றுகளை உடைத்த லிங்கம் அண்ணன்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் நான் ஏற்றுமதிப் பத்திரம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது லிங்கம் அண்ணனின் மனைவி செல்வி அக்கா அழைத்தார். அலுவலக நேரத்தில் அவர் என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. எடுத்ததும் புரிந்துவிட்டது.

"கோமதி, உங்க அண்ணன் போயிட்டாரு. காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சேன். நோட்டு மடியில இருக்கு, பேனா கையில இருக்கு. எழுப்புறேன், எழுந்திரிக்கல. கணக்கு பாதியில நிக்குதுமா" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

மறுநாள் அவர்கள் வீடிருந்த பட்டர்வொர்த்தில் இறுதிச் சடங்கு முடிந்து வெளியே நின்றபோது பழைய அலுவலக நண்பர்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீதான் பக்கத்து மேசை. அவரு அப்படி என்னதான் எழுதிக்கிட்டே இருந்தாரு?" என்று கேட்டார்கள். வெயிலில் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அவர்களுக்காகவும், அவரைப் பெர்ரிப் படகில் தினமும் பார்த்துப் பெயர் தெரியாமல் போனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தர்மலிங்கம் என்பது முழுப்பெயர். எங்களுக்கு லிங்கம் அண்ணன். தீவின் துறைமுகத் தெருவான வெல்ட் கீயில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள் அவருடைய மேசைக்கும் என்னுடைய மேசைக்கும் இடையில் ஒரு கோப்பு அலமாரிதான் இருந்தது. ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோனது. அதைப் பற்றி அவர் வருத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எண்கள் அவரைவிட்டுப் போகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அதைப் பார்த்தேன். கப்பலில் ஏற்றும் கொள்கலன் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட ஓர் எண் உண்டு. கடைசி இலக்கத்தை யாரும் இஷ்டத்துக்குப் போடுவதில்லை. முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் பண்ணி வருவது அது. நடுவில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் கடைசி இலக்கம் ஒத்துவராது. நான் அடித்துக்கொண்டிருந்த எண்ணை லிங்கம் அண்ணன் அலமாரிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார்.

"தங்கச்சி, அப்படி ஒரு பெட்டி உலகத்துல இல்ல."

"அண்ணே, பெட்டி யார்டுல இருந்து எழுதிக் குடுத்ததுதான்."

"எழுதுனவன் மழையில நின்னு எழுதியிருப்பான். திரும்பப் பாக்கச் சொல்லு."

தொலைபேசியில் கேட்டேன். மூன்றை எட்டாகப் படித்திருந்தார்கள். அன்று மாலை கிளம்ப வேண்டிய கப்பல் அது. நான் நன்றி சொன்னபோது, "தப்பு யாருக்கும் வரும். அதைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

இனி அந்த எண்ணின் கதை. அது என்னால்தான் தொடங்கியது. ஒருநாள் காலை என் தே தாரேக் தேநீர் விசைப்பலகைமேல் கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால், ஒன்று என்ற விசை ஒட்டிக்கொண்டு மேலே வரவே இல்லை. சரக்கின் எடையைப் போடும் கட்டத்தில் ஒன்று ஒன்றாக ஓடிப்போய்க் கட்டம் நிறைந்தபின்தான் நின்றது.

"அண்ணே, இந்த வெயிட்ட ஏத்துனா கப்பல் இல்ல, கடலே முழுகிரும்லா" என்று சிரித்தேன்.

அவர் எழுந்து வந்தார். திரையில் விரலை வைத்து எண்ணினார். "பதினேழு ஒன்னு" என்றார். நான் அழிக்கப் போனேன். "இரு, அழிக்காத." நீலப் பேனாவை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்: 11111111111111111. பிறகு அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "இது உடையுமா, உடையாதா?"

அவருக்கு எண் என்றால் முதல் கேள்வி அதுதான். வேறு இரண்டு எண்களைப் பெருக்கி அதை உண்டாக்க முடியுமானால் அது உடையும். முடியாவிட்டால் அது பகா எண், உடையாது. அன்று மதிய உணவின்போது எனக்கு விளக்கினார். மூன்று ஒன்றுகள், நூற்றுப் பதினொன்று, மூன்றாலும் முப்பத்தேழாலும் உடையும். ஐந்து ஒன்றுகள் 41ஆலும் 271ஆலும் உடையும். ஏழு ஒன்றுகள் 239ஆலும் 4649ஆலும். பதினைந்து ஒன்றுகளா, யோசிக்கவே வேண்டாம். மூன்று மூன்றாகக் கட்டினால் ஐந்து கட்டு, ஒவ்வொரு கட்டும் 111, ஆகவே 111 அதை உடைத்துவிடும். "பதினேழை அப்படிச் சமமாக் கட்ட முடியாது. அதனால இது உடைஞ்சா அது நம்ம கண்ணுக்குத் தெரியாத காரணத்தால உடையணும்" என்றார். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

அலுவலகக் கணக்குப் பொறியில் பன்னிரண்டு இலக்கத்துக்கு மேல் இடமில்லை. ஆகவே கையால்தான் வகுக்க வேண்டும். எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்று அவரே கண்டுபிடித்திருந்தார். ஐந்து ஒன்றுகளை உடைக்கும் எண்களைப் பத்தால் வகுத்தால் மிச்சம் ஒன்று. ஏழு ஒன்றுகளை உடைப்பவற்றைப் பதினான்கால் வகுத்தால் மிச்சம் ஒன்று. அப்படியானால் பதினேழு ஒன்றுகளை உடைக்கும் எண்ணை முப்பத்து நான்கால் வகுத்தால் மிச்சம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பிறகு நூலகத்தில் ஒரு தடிப்புத்தகத்தில் அதற்கு நிரூபணம் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, பரீட்சையில் தேறிய பிள்ளைபோலச் சிரித்தார். முதலில் 103ஆல் வகுத்தார். மிச்சம் வந்தது. அடுத்து 137, 239, 307. எல்லாவற்றுக்கும் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு.

ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டார். காலைப் பெர்ரியில் மூன்று, மதியம் நான்கு, மாலைப் பெர்ரியில் மூன்று. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் அந்தச் சிறு நேரத்தில், பக்கத்தில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கட்டம் போட்ட நோட்டைத் தொடைமேல் வைத்து வகுத்துக்கொண்டிருப்பார். எங்கள் அலுவலகத்து ஆ செங்குக்கு அது நாலு நம்பர் லாட்டரிக்கான ரகசிய வேலை என்று உறுதியான நம்பிக்கை. "லிங்கம், இன்னிக்கு நம்பர் ஆடா, இருக்கா?" என்று வாரா வாரம் வந்து நிற்பார். ஒருநாள் தொல்லை பொறுக்காமல் லிங்கம் அண்ணன் அன்றைய வகுத்தலில் வந்த மிச்சத்தின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு சின்ன ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. அதன் பிறகு மாடியிலிருந்தும் பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மூன்று மாதம் அவர் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்துதான் வகுத்தார்.

"கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு செகண்டுல சொல்லிடுமே அண்ணே" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொல்லும். அப்போ அதுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு, "யாரும் எனக்குச் சொல்லிடக் கூடாது. நீயும்தான்" என்றார்.

இரண்டாம் ஆண்டில் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருந்தபோது ஆவல் தாங்கவில்லை. கணினியில் பதினேழு ஒன்றுகளைத் தட்டினேன். நான் விரலை எடுப்பதற்குள் விடை வந்தது. உடையும். 2071723ஐ 5363222357ஆல் பெருக்கினால் பதினேழு ஒன்றுகள். அதற்குமேல் அந்த இரண்டும் உடையாது.

முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அப்போது இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மறுநாள் காலை அவர் வந்து, "இன்னிக்கு பெர்ரி லேட்டு, ஆறு போட்டேன்" என்று மலர்ச்சியாகச் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, எனக்குப் பிடித்தும்போனது. அவர் எங்கே நிற்கிறார், இன்னும் எவ்வளவு தூரம் என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு மில்லியன் தாண்டியபோது நான் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அவர் அந்த எண்ணைத் தொடும் நாளில் கேக் வெட்ட வேண்டும் என்று மனதுக்குள் கடைகூடத் தேர்ந்து வைத்திருந்தேன்.

அறுபதில் ஓய்வு பெற்றார். வகுத்தல் நிற்கவில்லை, பெர்ரிக்குப் பதில் சமையலறை மேசை. வாரம் ஒருமுறை நான் அழைப்பேன். "எங்க இருக்கீங்க அண்ணே?" என்பேன். ஊரை விசாரிப்பதுபோல் இருக்கும். "ரெண்டு மில்லியன் அறுபத்தெட்டாயிரம் தாண்டியாச்சு" என்றார் ஒரு வாரம். நான் அடுத்த ஏழு நாளும் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நானே அழைத்தேன்.

"எங்க இருக்கீங்க அண்ணே?"

"எழுபத்தேழாயிரத்துல. நல்லாப் போகுதுமா."

தாண்டிவிட்டார். அதன் மேலேயே நடந்து போய்விட்டார், தெரியாமல்.

அந்தச் சனிக்கிழமை பெர்ரி ஏறிப் போனேன். அவர் மீன் வாங்கப் பசாருக்குப் போயிருந்தார். செல்வி அக்கா சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த நோட்டுகளோடு அவருக்குப் பல வருடச் சண்டை. "சேலை வைக்க அலமாரியில இடமில்ல. ஒன்னு வைக்க மட்டும் இடம் இருக்கு" என்பார். நான் மேசைமேல் இருந்த நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். 2071723. பக்கத்தில் சிவப்புக் கோடு. மிச்சம் 215169 என்று எழுதியிருந்தது.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஐந்தாவது கழித்தலில் 463175 என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்த ஏழின் தலை சரியாக விழவில்லை. அடுத்த வரியில் அதை ஒன்றாகப் படித்து 463115 என்று கொண்டுபோயிருந்தார். அங்கிருந்து எல்லாம் கோணல். இனி அவர் எவ்வளவு வகுத்தாலும் கிடைக்காது. அவர் வேகத்தில் போனால், பதினேழு ஒன்றுகளின் வர்க்கமூலம்வரை மீதமுள்ள எண்களை எல்லாம் பார்த்து முடிக்க நானூறு வருடத்துக்கு மேல் ஆகும்.

"என்னா, முகம் ஏன் இப்படி ஆச்சு?" என்றார் செல்வி அக்கா.

எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு வருடத்துக்கு முன் நான் பார்த்துவிட்டதையும் சேர்த்து. அவர் கத்தியைக் கீழே வைத்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். "சொல்லாதே, அவர் பாட்டுக்குச் சந்தோஷமா வகுத்துக்கிட்டு இருக்கட்டும்" என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒருவேளை அதற்காகத்தான் அவரிடம் சொன்னேனோ என்னவோ.

"சொல்லிடு" என்றார். "கோவப்படுவாரு. பட்டா படட்டும். தப்பு வந்ததுக்கு அவரு ஒருநாளும் வெக்கப்பட்டதில்ல. ஆனா தப்பு இருக்கறது தெரியாமப் போறது, அதுதான் அவருக்குத் தாங்காது. இந்த மனுஷனோட முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

லிங்கம் அண்ணன் மீனோடு வந்தார். கெம்போங் மீன் மலிவு என்றார், சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அன்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த மாதம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதைச் செல்வி அக்கா தொலைபேசியில் சொன்ன அன்று மாலையே போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றியிருந்தது. மடியில் நோட்டு.

"அண்ணே, உங்க நோட்டுல ஒரு கணக்கு தப்பாப் போயிருக்கு."

நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிகிறது என்றால், எனக்கு விடை தெரியும் என்றுதானே பொருள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"எட்டு வருஷமா."

அவர் நோட்டை மூடினார். "செல்வி, கோமதிக்குக் காப்பி குடு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் நான் காப்பி குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, கிளம்பும்வரை வெளியே வரவில்லை. திரும்பும் பெர்ரியில் நான் அழுதேன். பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண்மணி எதுவும் கேட்காமல் டிஷ்யூ கொடுத்தார்.

பதினாறு நாள் பேச்சில்லை. பதினேழாம் நாள் அவரே அழைத்தார். பின்னால் டயாலிசிஸ் இயந்திரங்களின் சத்தம் கேட்டது.

"எந்த நோட்டுன்னு சொல்லிடாத" என்றார், வணக்கம்கூட இல்லாமல்.

"சொல்ல மாட்டேன் அண்ணே."

"மறுபடி எல்லாத்தையும் வகுக்க வேண்டியதில்ல. ஒன்பதைத் தள்ளிப் பாத்தாப் போதும். ஒரு கணக்குக்கு அரை நிமிஷம். இடது கையில ஊசி, வலது கை சும்மாத்தானே இருக்கு. நாலு மணி நேரம் கூரையைப் பாத்துக்கிட்டுப் படுக்க என்னால முடியாது."

ஒன்பதைத் தள்ளுவது பழைய வழி. பதினேழு ஒன்றுகளின் கூட்டல் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. வகுத்த எண்ணையும் ஈவையும் அதேபோல் ஒற்றை இலக்கமாகச் சுருக்கிப் பெருக்கி, மிச்சத்தின் இலக்கத்தைக் கூட்டினால் எட்டு வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கணக்கில் பிழை.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ சொல்லாம இருந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. நான்தானே சொல்லாதன்னேன். நான் கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கறேன், நீ கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க. அதுதான் வலிச்சுச்சு."

"மன்னிச்சிருங்க அண்ணே."

"விடுமா. இப்போ வலிக்கல. பதினாறு நாள் பட்டாச்சு, போதும்."

அவர் கடைசி நோட்டிலிருந்து தொடங்க மாட்டாரா என்று ஏங்கினேன். அவரோ முதல் நோட்டிலிருந்து தொடங்கினார். அதுதான் முறை என்றார். செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாளும் செல்வி அக்கா ஒரு பசார் பையில் நோட்டுகளைச் சுமந்துகொண்டு போவார். ஐம்பத்திரண்டு நோட்டுகள். வழியில் பிழைகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் கிடைக்கும்போது, இதுதானோ என்று மறுபடி வகுப்பார். மிச்சம் வரும். அதை அழைத்துச் சொல்வார்: "இன்னிக்கு ஒன்னு மாட்டுச்சு. ஆனா அது இல்ல." அவர் குரலில் ஏமாற்றம் இருந்ததில்லை. பிழையைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஏதோ விருந்தாளியை எதிர்கொள்ளும் உற்சாகம். எனக்குத்தான் பயம். மாதம் மூன்றானது, நான்கானது. ரத்த அழுத்தம் குறைந்து இருமுறை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்தப் பிழை இருந்த ஐம்பத்தொன்றாவது நோட்டை அவர் எட்டுவாரா என்று நான் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வேண்டுதலை அந்த அம்மன் கேட்டிருக்க மாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணி. கைப்பேசி அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் இயந்திர ஓசை மட்டும். பிறகு அவர் குரல்.

"கோமதி, மிச்சம் இல்லமா."

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

"ஒரு ஏழை ஒன்னுன்னு படிச்சிட்டேன். பதினேழு ஒன்னு பத்தலைன்னு நானே ஒன்னு சேத்துருக்கேன், பாத்தியா!" சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தாதி வந்து ஏதோ அதட்டுவதும், "சிஸ்டர், மிச்சம் இல்ல சிஸ்டர்" என்று இவர் தாதியிடமும் சொல்வதும் கேட்டது.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். மறுவாரமே பத்தொன்பது ஒன்றுகளைத் தொடங்கிவிட்டார். "இதுக்கு முப்பத்து நாலு இல்ல, முப்பத்தெட்டு. முதல்ல 191" என்றார். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீ பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணே."

"பாக்கணும்னா பாரு. எனக்குச் சொல்லாத. ஆனா நான் தாண்டிப் போயிட்டா மட்டும் கூப்பிடு."

அவர் இருக்கும்வரை நான் பார்க்கவில்லை. இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள்தான் பார்த்தேன். பத்தொன்பது ஒன்றுகள் உடையாது. எதனாலும் உடையாது. அவர் தாண்டிப் போக அங்கே எதுவும் இருந்ததே இல்லை. அதைச் செல்வி அக்காவிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "அப்போ அவரு போட்ட குறுக்குக் கோடெல்லாம் சரிதான்" என்றார். "நான் ஒருக்கா ஒன்பதைத் தள்ளிப் பாத்துடறேன்." இப்போது அவர்தான் பார்க்கிறார். நோட்டுகளை யாருக்கும் தர மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மிச்சம் இல்லை என்று அவர் சொன்ன அந்த வாரம்தான் அது. வகுத்தது போதாது, பெருக்கியும் பார்க்க வேண்டும் என்று என்னை வரச் சொல்லியிருந்தார். சமையலறை மேசையில் பெரிய காகிதத்தை விரித்தோம். மேலே 5363222357, கீழே 2071723. பெருக்கல் வரிகளைப் பாதி அவர் எழுதினார். மீதியை நான் எழுதினேன். கூட்டும் நேரம் வந்தபோது இரண்டு பேருக்கும் கண் மங்கியிருந்தது. அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த செல்வி அக்கா, "தள்ளுங்க" என்று எங்கள் நடுவில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

வலப்பக்கத்திலிருந்து முதல் பத்தி, ஒன்று. "இதென்னா பெரிய விஷயம்" என்றார். இரண்டாவது, ஏழும் நாலும் பதினொன்று. ஒன்று போட்டு ஒன்று கையில். மூன்றாவதும் ஒன்று. நான்காவது பத்தி நீளமாக இருந்தது. விரலை வைத்து உரக்கக் கூட்டினார்: "ஏழும் ஏழும் பதினாலு, ஒன்பது, இருபத்தி மூணு, ஏழு, முப்பது, கையில ஒன்னு, முப்பத்தொன்னு." பேனா நின்றது. "ஐயோ, மறுபடியும் ஒன்னு!" என்று கணவரைப் பார்த்தார். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அடுத்த பத்தியும் முப்பத்தொன்று. அதற்குப் பிறகு செல்வி அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. எந்தெந்த இலக்கங்களோ வந்து விழ, அடியில் ஒன்று, அதன் இடப்பக்கம் ஒன்று, அதன் இடப்பக்கம் இன்னொன்று. பன்னிரண்டு, பதின்மூன்று என்று நான் எண்ணிக்கொண்டு வந்தேன். கடைசிப் பத்தியில் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. கையிலும் எதுவும் மிஞ்சவில்லை. கோட்டுக்கு மேலே தனியாக ஓர் ஒன்று நின்றது. அதைச் செல்வி அக்கா அப்படியே கீழே இறக்கி வைத்தார்.